மனமாற்ற வாரியத்தின் ஆறு பொன்னாடைகள்

"அப்படியே புடி பாப்பா, உட்றாத! ஒரு லைட்டு எரியல" என்று கத்தினார் போட்டோகிராபர்.

சுவேதா விடவில்லை. பொன்னாடையின் ஒரு முனை வலது கையில், மறுமுனை இடது கையில், நடுவில் இருசப்பனின் கழுத்து. முனைகளைக் குறுக்கே மாற்றிப் பிடித்து, முழங்காலை அவன் நாற்காலியில் முட்டுக்கொடுத்து, அவள் இழுத்துக்கொண்டிருந்தாள். ஜரிகை உள்ளங்கையை அறுத்தது. யாராவது ஓடிவந்து தடுப்பார்கள், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்றுதான் பதினைந்து நாளாக யோசித்து வைத்திருந்தாள். யாரும் ஓடிவரவில்லை. மண்டபமே எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது. அதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை.

மைக்கில் மனமாற்ற வாரியத்தின் உறுப்பினர் செயலர் சிவப்பிரகாசம் தழுதழுத்தார். "பாருங்கள் சான்றோர்களே! மன்னிக்கின்ற கரங்கள் எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகின்றன பாருங்கள்! கைதியின் கண்களில் வரும் நீரைப் பாருங்கள்! இதைத்தான் நம் வாரியம் மனமாற்றம் என்கிறது!"

கைதியின் கண்கள் உண்மையிலேயே வெளியே வந்துகொண்டிருந்தன. ஆனால் அவன் திமிறவில்லை. கையைத் தூக்கி அவள் கையைப் பிடிக்கவில்லை. கூப்பிய கை கூப்பியபடியே இருந்தது. அது அவளைப் பயமுறுத்தியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இந்தக் கொஞ்சத்துக்காக அவள் பதினாலு வருஷம் காத்திருந்தாள்.

சுவேதாவுக்கு நாலு வயதானபோது, கரையாம்புத்தூரில் வாய்க்கால் மடையை யார் முதலில் திறப்பது என்ற தகராறில், அவள் அப்பா பாக்யராஜை இருசப்பன் கரும்பு வெட்டும் கத்தியால் வெட்டிக் கொன்றான். அப்பாவின் முகம் அவளுக்கு ஞாபகமில்லை. இருசப்பனின் காதுதான் ஞாபகம். அதையும் அவள் பார்த்ததில்லை. அம்மா தேவி சொல்லிச் சொல்லிப் பதிந்தது. "உங்கப்பன் சும்மா சாவலடி. அவன் எடது காதுல பாதிய கடிச்சுத் துப்பிட்டுத்தான் செத்தாரு." மற்ற பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டினார்கள். சுவேதாவுக்கு அந்தக் காதைச் சொல்லி ஊட்டினார்கள்.

கீழ்க்கோர்ட்டு இருசப்பனுக்குத் தூக்கு விதித்தது. தேவி தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தாள். இரண்டு வருஷம் கழித்து மேல்கோர்ட்டு அதை ஆயுள் என்று மாற்றியது. கொடுத்த ஜாங்கிரியைத் திரும்பக் கேட்க முடியவில்லை.

அந்த நாளில் மனமாற்ற வாரியம் என்று ஒன்று கிடையாது. இருந்தது தூக்குத் தண்டனை மேற்பார்வை வாரியம். அதற்கும் சிவப்பிரகாசம்தான் உறுப்பினர் செயலர். ஒன்பது வருஷம் அந்த வாரியம் ஒருவரையும் தூக்கில் போடவில்லை. நாற்பது மீட்டர் கயிறு மட்டும் வாங்கியது. கயிறு இருக்கும் பீரோவின் சாவியை யார் வைத்துக்கொள்வது என்று கடிதப் போக்குவரத்து நடந்தது. அது நடந்துகொண்டிருக்கும்போதே கொள்கை மாறிவிட்டது. இனிமேல் கொல்வதில்லை, திருத்துவது என்று உத்தரவு வந்தது. வாரியம் கலங்கவில்லை. பெயர்ப்பலகையில் முன்பாதியை மட்டும் அழித்து எழுதினார்கள். அதே மின்விசிறி, அதே டீ, அதே ஆட்கள், அதே கயிறு. கொல்வதற்கு இருந்த அதே ஊக்கத்தோடு திருத்தவும் தொடங்கினார்கள்.

திருந்தியவனை வெளியே விட, செத்தவரின் வாரிசு ஒருவர் மன்னிக்க வேண்டும் என்பது வாரியத்தின் விதி. தேவியிடம் மூன்று முறை வந்தார்கள். மூன்றாவது முறை அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை வந்து வழியனுப்பினாள். வாரியம் கோப்பில் 'காத்திருக்கவும்' என்று எழுதி வைத்தது. காத்திருந்தது சுவேதாவின் பதினெட்டாவது பிறந்தநாளுக்காக.

அன்றைக்குக் காலை, பி.காம் முதல் வருஷம் படிக்கிற சுவேதா காலேஜ் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, வாரியத்தின் மன்னிப்பு அலுவலர் அம்சவள்ளி கேக்கோடு வந்து இறங்கினாள். தேவி வேலைக்குப் போன பிறகுதான் ஜீப்பைத் தெருவுக்குள் விட்டார்கள்.

"ஹாப்பி பர்த்டே கண்ணு. இன்னியிலேர்ந்து நீ ஓட்டு போடலாம், லைசென்ஸு எடுக்கலாம், மன்னிக்கலாம்."

படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. முழு மன்னிப்பு. நிபந்தனை மன்னிப்பு. கண்ணீருடன் மன்னிப்பு.

"மன்னிக்க முடியாதுன்னு ஒரு கட்டம் இல்லியே மேடம்?"

"அதுக்குத் தனி ஃபாரம்மா. இன்னும் பிரிண்ட்டு ஆவல."

"அவன் திருந்திட்டான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பரீச்ச வெச்சோம்ல? முப்பத்தஞ்சு மார்க்குக்கு மேல எடுத்தா திருந்தினதா அர்த்தம். உங்காளு எழுபத்தி ரெண்டு."

'உங்காளு' என்ற வார்த்தை சுவேதாவுக்கு நெஞ்சில் கத்திபோல இறங்கியது. அந்தக் கேக்கை அப்படியே கோழிக்குப் போட்டாள். காலேஜுக்குப் போகாமல் நேராக வில்லியனூருக்குப் பஸ் ஏறினாள்.

வில்லியனூரில் தூக்கு மீட்புப் பேரவை என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் அருள்முருகன் பஸ் ஸ்டாண்டு அருகே தெர்மாகோலில் ஒரு தூக்குமேடை செய்து வைத்து, பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை உண்ணாவிரதம் இருந்துகொண்டிருந்தார். பின்னால் பேனர். அதில் அருள்முருகன் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றார். மூலையில் தபால்தலை அளவுக்கு பாக்யராஜ்.

"அண்ணா, அவன வெளிய உடப் போறாங்க. தூக்குல போட வெக்கறேன்னு சொன்னீங்களே. ஏதாவது பண்ணுங்க."

அருள்முருகன் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். அவர் குடித்துக்கொண்டிருந்ததில் பாதி. "பாப்பா, உன்னாண்ட மறைக்கறதுக்கு இன்னா இருக்குது? ஒருத்தன் தொங்கிட்டான்னா ஒரு நாள் நியூசு. தொங்காம இருந்தாதான் பதினாலு வருசம் போராட்டம். அவன் நல்லா இருக்கணும்மா. அவன் உசுரோட இருந்தாதான் நம்ம அவன தூக்குல போடுன்னு கேக்க முடியும்."

"அப்ப எங்கப்பா?"

"அவரு எங்க பேனர்ல எப்பவும் இருப்பாரு. அந்த போட்டோல சிரிக்கறாரு பாரு, அது ஒண்ணுதான் கொற. சிரிக்காத போட்டோ இருந்தா வாட்சாப்ல அனுப்பு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சுவேதா முடிவெடுத்தாள். கொல்கிறேன் என்றவர்கள் கொல்லப்போவதில்லை. திருத்துகிறேன் என்றவர்கள் திருத்தியதுமில்லை. இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் அவன் மட்டும் நன்றாக இருக்கிறான். அப்படியானால் அவன் கழுத்து தன் கைக்கு எட்டும் தூரத்துக்கு அவள்தான் போக வேண்டும். அதற்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. மறுநாள் வாரிய அலுவலகத்துக்குப் போய் மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டாள். கண்ணீருடன் மன்னிப்பு.

அம்சவள்ளி அவளைக் கட்டிக்கொண்டாள். அந்த மாத இலக்கு ஆறு, அவள் ஆறாவது.

ஒத்திகை நடந்தது. பொன்னாடை போர்த்துவதில் வாரியத்துக்கு ஒரு முறை இருந்தது. "சும்மா தோள்ல போட்டுட்டு ஓடக்கூடாது கண்ணு. முன்னால நின்னு, பின்னால சுத்தி, முனைய ரெண்டையும் கையிலயே வெச்சிக்கணும். நான் சொல்ற வரைக்கும் உடக்கூடாது. போட்டோக்கு ஒம்பது செகண்டு." ஒன்பது விநாடி. இருசப்பனின் கழுத்து தன் கையில் ஒன்பது விநாடி இருக்கும் என்று அரசாங்கமே எழுதிக் கொடுக்கிறது. சுவேதா வீட்டில் தன் துப்பட்டாவை ஜன்னல் கம்பியில் சுற்றிப் பழகினாள். மாட்டிக்கொள்வாள், ஜெயிலுக்குப் போவாள், அம்மா தனியாகிவிடுவாள். எல்லாம் தெரிந்தது. விழா நாள் காலையில் "காலேஜுல ஃபங்ஷன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பும்போது, அம்மா டிபன் பாக்ஸில் தக்காளி சாதத்தை அமுக்கி வைத்துக் கொடுத்தாள். அதை வாங்கிப் பையின் அடியில் வைத்தாள்.

வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் 'கொலையாளிகளை வாழ்த்தி வரவேற்கிறோம்' என்று பேனர். அதை இழுத்துக் கட்டியிருந்தது ஒரு தடவைகூடப் பயன்படாத அந்த நாற்பது மீட்டர் கயிறு. ஆறு நாற்காலிகள்; ஒவ்வொன்றின் முதுகிலும் கைதியின் பெயரும் அவர் கொன்றவரின் பெயரும் அட்டையில். ஆறு கைதிகளுக்கும் ஒரே மாதிரி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மாப்பிள்ளைக்குக் கட்டுவதுபோலக் காதை மூடி ரோஸ் கலர்த் தலைப்பாகை. போட்டோகிராபர் கேமரா வழியாகப் பார்த்து முகம் சுளித்தார். "இன்னா சார் இது, நெட்டையும் குட்டையுமா? உயர வரிசைல உக்கார வைங்க சார், ஃப்ரேமு அழகா வரும்." கைதிகள் எழுந்து, ஸ்கூல் பிள்ளைகள்போல முதுகோடு முதுகு வைத்து அளந்து, இடம் மாறி உட்கார்ந்தார்கள். ஓரத்தில் நின்றிருந்த சுவேதா அதைப் பார்த்தாள், மனதில் வாங்கவில்லை. அவள் பார்வை இருசப்பன் என்று எழுதிய அட்டையில் ஆணியடித்ததுபோல நின்றிருந்தது.

சிவப்பிரகாசம் தலைமையுரை ஆற்றினார். "ஒருவனைத் தூக்கில் போட்டால் நமக்குக் கிடைப்பது ஒரு பிணம். அவனைத் திருத்தினால் கிடைப்பது ஒரு புள்ளிவிவரம்! பிணத்தை யாருக்கு அனுப்ப முடியும்? புள்ளிவிவரத்தை டெல்லி வரைக்கும் அனுப்பலாம்!"

சிறப்பு விருந்தினராக அருள்முருகன் வந்திருந்தார். அவருக்கும் பொன்னாடை. "நான் தூக்கை ஆதரிப்பவன். அதில் மாற்றமில்லை. ஆனால் விழாவை எதிர்ப்பவன் அல்லன். இந்த ஆறு பேரும் வெளியே வரட்டும். அப்போதுதான் 'ஏன் விட்டாய்' என்று நாளை மறுநாள் நான் மறியல் செய்ய முடியும். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி!"

முதலில் அரியாங்குப்பம் சகாயராணியைக் கூப்பிட்டார்கள். அவள் மகனை ஒரு சாராயக்கடைச் சண்டையில் மரியதாஸ் என்பவன் கொன்றிருந்தான். அவனை அவள் கோர்ட்டில் தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்ததோடு சரி. இப்போது கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி வேறு. மரியதாஸ் என்று அட்டை இருந்த நாற்காலியைத் தடவிக் கண்டுபிடித்து, அதில் இருந்தவன் நெற்றியில் சிலுவை போட்டு, லட்டை ஊட்டினாள். "எம்புள்ளைய கொன்னவனே, நல்லா இருப்பா" என்று அழுதாள். அவன் வாயை அகலமாகத் திறந்து வாங்கிக்கொண்டு, இன்னொரு லட்டு இருக்கிறதா என்று பார்த்தான். விடுதலைச் சான்றிதழை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பக்கவாட்டுப் படியில் இறங்கினான்.

கடைசியாக சுவேதாவின் பெயர்.

ஒன்பது விநாடி எப்போதோ முடிந்திருந்தது. எரியாத லைட்டு எரிந்துவிட்டது. சுவேதா இழுத்தாள். நாற்காலியில் இருந்தவன் அவளையே பார்த்தான். அந்தக் கண்ணில் பயம் இருக்கும் என்று பதினாலு வருஷமாக அவள் நினைத்து வைத்திருந்தாள். இல்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தவன் சாய்ந்து உட்கார்வதுபோல ஏதோ ஒன்று இருந்தது. அவன் தலை பின்னால் சாய்ந்தது. தலைப்பாகை நழுவித் தரையில் விழுந்தது. அவள் கை தளர்ந்தது.

இடது காது முழுசாக இருந்தது. வலது காதும் இருந்தது.

அவன் குனிந்து இருமினான். கூட்டம் விசிலடித்தது. சுவேதா மைக்கைப் பிடுங்கினாள். "இவன் இருசப்பன் இல்ல!"

சிவப்பிரகாசம் சிரித்த முகம் மாறாமல் மைக்கைக் கையால் பொத்தி, அவளை மேடைக்குப் பின்னால் சமையல்கட்டு ஓரம் கூட்டிப்போனார். அம்சவள்ளியும் வந்தாள்.

"காது இருக்குது சார்!"

"காது இருக்கறது நல்லதுதானேம்மா?"

"இருசப்பனுக்கு எடது காது பாதி கெடையாது! எங்கப்பா கடிச்சிட்டாரு!"

"ஜெயில்ல இப்ப வைத்திய வசதியெல்லாம் ரொம்ப முன்னேறியிருக்குதும்மா."

அம்சவள்ளிக்குத்தான் முதலில் முகம் வெளுத்தது. அவள் மேடைப்பக்கம் எட்டிப் பார்த்தாள். ஆறு நாற்காலி, ஆறு அட்டை. "சார், உயர வரிச..." என்றாள்.

விசாரித்ததில், ஆட்கள் இடம் மாறியபோது அட்டைகளை யாரும் மாற்றவில்லை என்பதும், இருசப்பன் சராசரி உயரம் என்பதும் தெரிந்தது. அவன் உட்கார்ந்தது மரியதாஸின் நாற்காலியில். சகாயராணியின் லட்டைச் சாப்பிட்டது அவன். வாங்கிய சான்றிதழோடு பஸ் ஏறி அரைமணி நேரமாகிவிட்டது. சுவேதாவின் கையில் கழுத்தைக் கொடுத்தவன் மரியதாஸ்.

"ஆளு மூஞ்சியக்கூடவா பாக்க மாட்டீங்க?"

"நாங்க மூஞ்சியப் பாத்து மன்னிப்பு வாங்கறதில்லம்மா. அது பாரபட்சம். நாற்காலியத்தான் பாப்போம்" என்றார் சிவப்பிரகாசம். அதை அவர் பெருமையாகவே சொன்னார். "ஆறு பேரு மன்னிச்சாங்க, ஆறு பேரு மன்னிக்கப்பட்டாங்க. மொத்தத்துல சரியா வருதுல்ல?"

"அவன திரும்பக் கூப்புடுங்க சார்! நான் அவன மன்னிக்கல! யாரையும் மன்னிக்கல!"

"விடுதலைய ரிடர்ன் எடுக்கறதுக்கு ஃபாரம் கெடையாதும்மா."

சுவேதா விடவில்லை. "அன்னிக்கே அவன தூக்குல போட்டிருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா?"

சிவப்பிரகாசம் முதன்முறையாக யோசித்தார். முப்பது வருஷ சர்வீசில் அவர் யோசித்தது அநேகமாக அப்போதுதான். "அன்னிக்கும் இதே ஆபீசு, இதே ஆளுங்க, இதே நாற்காலிதாம்மா. தூக்குக்கு போட்டோ எடுக்க மாட்டாங்க, அதனால ஒருவேள கரெக்ட்டா நடந்திருக்கும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஒருவேள" என்று மறுபடி சொல்லிக்கொண்டார்.

பிறகு ஒரு தீர்வு சொன்னார். மரியதாஸின் சான்றிதழ் இருசப்பனோடு போய்விட்டது. இருசப்பனின் சான்றிதழில் மரியதாஸை வெளியே விட முடியாது. ஆகவே திருத்த ஆணை வரும்வரை மரியதாஸ் ஜெயிலுக்கே திரும்புவான். அந்த ஆணையில், மன்னிப்பு நோக்கத்துக்கு மட்டும், பாக்யராஜைக் கொன்றது மரியதாஸ் என்று கருதப்படும். சுவேதா மறுபடி ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். இதைச் சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

சமையல்கட்டுக்குப் பின்னால் படிக்கட்டில் மரியதாஸ் உட்கார்ந்திருந்தான். ஐம்பதைத் தாண்டிய மெலிந்த ஆள், ஆறு பேரில் நெட்டை அவன்தான். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. கொஞ்சம் தள்ளி, காவலுக்கு வந்த கான்ஸ்டபிள் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுவேதா இரண்டு படி தள்ளி நின்றாள். அவள் செய்ததை அத்தனை பேர் பார்த்தார்கள். ஆனால் அது என்னவென்று தெரிந்தவன் இவன் ஒருவன்தான். இவன் வாயைத் திறந்தால் அவள் வீட்டுக்குப் போக முடியாது. டிபன் பாக்ஸ் இன்னும் பையில் இருந்தது.

"உக்காரு பாப்பா" என்றான். குரல் கரகரத்தது. "கான்ஸ்டபிளு கேட்டாரு, கழுத்துல இன்னாடா செவப்புன்னு. ஜரிகை ஒத்துக்கலன்னு சொல்லிட்டேன்."

அவள் உட்காரவில்லை. "உன் நாற்காலி இல்லன்னு தெரியும்ல? ஏன் சொல்லல?"

"உக்காருன்னா உக்காருவோம், எழுந்திருன்னா எழுந்திருப்போம். பதினாலு வருசமா அதான் எங்களுக்குத் திருந்தற பயிற்சி."

"கையத் தூக்கியிருந்தா நான் உட்டிருப்பேன்ல. ஏன் தூக்கல?"

அவன் தரையைப் பார்த்தான். "நீ சகாயராணி அம்மா வூட்டுப் பொண்ணுன்னு நெனச்சிட்டேன். அந்தம்மா கால்ல உழணும்னுதான் இத்தினி வருசம் இருந்தேன். ஜெயிலுக்குள்ள அத மட்டும்தான் நெனச்சினு இருந்தேன். பாத்தா அந்தம்மா அவனுக்கு லட்டு ஊட்டிட்டுப் போயிட்டாங்க. அவனும் துன்னுட்டுப் போயிட்டான்." கழுத்தைத் தடவிக்கொண்டான். "செரி, லட்டுதான் கெடைக்கல. இதாவது நம்ம பங்குக்கு வருதேன்னு கெடந்தேன்."

கான்ஸ்டபிள் எலும்பைத் துப்பிவிட்டு, "மரியதாசு, கெளம்பலாமா?" என்றார்.

மரியதாஸ் எழுந்தான். தோளில் இருந்த பொன்னாடையை எடுத்து நாலாக மடித்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். ஏன் வாங்கினாள் என்று தெரியவில்லை. வேன் வரைக்கும் போனவன் நின்று திரும்பி வந்தான். கான்ஸ்டபிளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. இருசப்பனுக்கு அரக் காதுதான்னு எனக்கும் தெரியும். அந்த தலப்பா உழுந்துது பாரு, நீ கைய உட்டது என் காதப் பாத்தப்புறமா பாப்பா... இல்ல, அதுக்கு முன்னாடியேவா?"